லிமிங்காவில் பேதை உள்ளான்

கோடியக்கரை உப்பளத்துப் பக்கம் பேதை உள்ளானைப் பல குளிர்காலம் பார்த்திருக்கிறேன். சேற்று நிறம், சேற்றிலேயே மேய்ச்சல். கூட வந்தவர்கள் "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று பூநாரையைத் தேடிப் போய்விடுவார்கள். அதே பறவை மே மாதத்தில் என்ன கோலத்தில் இருக்கும் என்று பார்க்கத்தான் பின்லாந்து போய், ஹெல்சிங்கியிலிருந்து ஓவுலு நகருக்கு ரயிலேறினேன். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் லிமிங்கா விரிகுடா.

அதிகாலை நாலு மணிக்கே நல்ல வெளிச்சம். கையுறை போட்டும் விரல் மரத்துவிட்டது. எதிரே புல்திட்டில் பதினோரு ஆண்கள், கழுத்தைச் சுற்றிக் கனத்த மாலை போட்டாற்போல இறகு சிலிர்த்து நின்றன. ஒன்று கறுப்பு, ஒன்று செம்மண், ஒன்றில் வரிவரியாய். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. பெட்டைகளைக் கவரத்தான் இந்தக் கோலம்; துள்ளுவதும் பாய்வதும் சத்தமே இல்லாமல் நடக்கிறது. சேவல் சண்டைக் கூச்சலில் வளர்ந்த எனக்கு ஊமைப்படம் பார்ப்பது போலிருந்தது.

வெள்ளைக் கழுத்துக்காரன் ஒருவன் வந்தான். கறுப்பன் விரட்டவில்லை. வெள்ளையைக் கண்டால் பெட்டைகள் அதிகம் வருமாம்; அதனால் பொறுத்துக்கொள்கிறான். அவன் அசந்த நேரத்தில் வெள்ளையன் காரியத்தை முடித்துக்கொள்வான்.

இந்த நிறமும் குணமும் ஒன்றாகவே பிறக்கின்றன. ஓடும் ரயிலில் நடுப்பெட்டிகளை மட்டும் கழற்றித் திருப்பி மாட்டியது போல, சுமார் 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இதன் 11ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகிவிட்டது. 2016இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே சமயத்தில் இதை வெளியிட்டன. திரும்பிய துண்டு நேர்த்துண்டோடு கலக்க முடியாததால், அதிலுள்ள மரபணுக்கள் கட்டாகவே பிள்ளைக்குப் போகின்றன. நிறத்தை ஆளும் எம்சி1ஆர் அதில் இருக்கிறது. ஆண் ஹார்மோனோடு தொடர்புடையதும் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் திரும்பிய துண்டே வந்தால் குஞ்சு பிழைக்காது.

மூன்றாவது வகை ஆணும் உண்டு. நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. கழுத்து மாலை கிடையாது, பெட்டையின் உருவத்திலேயே கூட்டத்தில் புகுந்துவிடும். 2006இல்தான் அறிவியல் உலகுக்கே அது தெரியவந்தது. பேதை என்று பெயர் வைத்த நம் ஆட்களுக்கு என்ன தெரிந்திருந்ததோ!

விடுதிக்குத் திரும்பியதும் குறிப்பேட்டை எடுத்தேன். 'ஆண் 12, பெட்டை 6' என்றிருந்தது. 'பெட்டை போல 6' என்று திருத்தினேன்.