செவப்பு மூடி சிரிஞ்ச்

செப்டம்பர் 9, 2025

அடுத்த வாரம் தேர்ட் செம் நர்சிங் பிள்ளைங்களுக்கு ஆஸ்கிங்கற (OSCE) செய்முறை எக்ஸாம். 1975ல ஸ்காட்லாந்துல ரொனால்ட் ஹார்டன் எழுதி வெளியிட்ட முறை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்டேஷன், ஸ்டேஷன் ஸ்டேஷனா போய் செஞ்சு காட்டணும், நாங்க செக்லிஸ்ட்ல டிக் போடுவோம். இன்சுலின் ஸ்டேஷனோட பழைய ஷீட்ட பாத்தா ரைட் பேஷண்ட், ரைட் டிரக், ரைட் டோஸ்னு வாயால சொன்னாலே மார்க் விழுந்துடுது. அப்படின்னா சொல்லத்தான் கத்துக்குவாங்க.

செப்டம்பர் 11

ஷீட்ட மாத்தியாச்சு. ட்ரேல 100 யூனிட் இன்சுலின் பாட்டில் (ஒரு எம்எல்லுக்கு 100 யூனிட்), பக்கத்துல செவப்பு மூடி சிரிஞ்ச், அது 40 யூனிட் பாட்டிலுக்கானது. சரியான ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் எக்ஸாமினர் கிட்ட இருக்கும், கேட்டாத்தான் கிடைக்கும். நம்ம ஊர்ல ரெண்டு ஸ்ட்ரென்த்தும் புழங்குது, அதனால இது வார்டுல நெஜமாவே நடக்கக்கூடியது. செவப்பு மூடியில 20ம் கோடு வரைக்கும் இழுத்தா அரை எம்எல், 40 யூனிட் பாட்டில்ல அது 20 யூனிட், 100 யூனிட் பாட்டில்ல அதுவே 50, ரெண்டரை மடங்கு உள்ள போகுது, சுகர் தடதடன்னு எறங்கி ஃபிட்ஸ், கோமா வரைக்கும் கொண்டு போயிடும்.

"பாவம் பிள்ளைங்க, பரிட்சையில கண்ணி வெக்கணுமா"ன்னு கூட இருக்கற மேடம் கேட்டாங்க. நியாயமான கேள்வி. ட்ரேல குறை இருக்கலாம், சரியில்லனா நிறுத்திக் கேளுங்கன்னு முன்னாடியே கிளாஸ்ல சொல்லிடறதுன்னு முடிவாச்சு.

செப்டம்பர் 16

கை கழுவறது, பேஷண்ட் கையில இருக்கற பேர் பட்டைய பாத்து பேர் கேக்கறது எல்லாம் சுத்தம். ஆனா பாதிக்கு மேல செவப்பு மூடியவே எடுத்துட்டாங்க. எப்பவும் அமைதியா இருக்கற ஒரு பொண்ணு மட்டும் பாட்டில திருப்பிப் படிச்சுட்டு, "மேம், இதுக்கு இந்த சிரிஞ்ச் சேராது, வேற குடுங்க, இதுல நான் போட மாட்டேன்"னு நின்னுட்டா. அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு, ஊசியே போடல. பழைய ஷீட்டா இருந்தா பாதி மார்க் போயிருக்கும். முழு மார்க் போட்டேன், அவ்ளோ சந்தோஷம்.

செப்டம்பர் 17

உலக நோயாளர் பாதுகாப்பு தினம், 2019ல இருந்து கொண்டாடறாங்க. போஸ்டர் போட்டிய விட்டுட்டு நேத்து நடந்தத உக்காந்து பேசினோம். யாரையும் திட்டல, ஏன் எடுத்தீங்கன்னு மட்டும் கேட்டேன். "ட்ரேல இருந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்"னு ஒருத்தி. இன்னொருத்தி, "வார்டுல சிஸ்டர் எடுத்துக் குடுத்தா அப்படியே போட்டுருவோம் மேம், கேட்டா திட்டுவாங்க." கணக்கு எல்லாருக்கும் தெரியுது, கேக்கத்தான் பயம். அந்த பயத்த பிள்ளைங்க கிட்ட மட்டும் சரி பண்ண முடியாது. அதனால அடுத்த வாரம் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்ங்களையும் கூப்பிட்டு இதே ஸ்டேஷன திரும்ப நடத்தறோம், தப்பான சிரிஞ்ச கையில குடுக்கப் போறது ஒரு சிஸ்டர்தான்.