அப்பா வலியில்லாமல் தூங்க வேண்டும்

ஜூன் 3, திருவட்டார்

திருவனந்தபுரம் போய் வந்தாயிற்று. நுரையீரல் புற்று முதுகெலும்புக்கும் பரவிவிட்டது, இனி கீமோ கொடுத்தால் அப்பாவின் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலியேட்டிவ் பிரிவுக்கு, அதாவது வலியையும் அவதியையும் குறைத்துப் பராமரிக்கும் பிரிவுக்கு, எழுதிக் கொடுத்தார்.

களியக்காவிளை தாண்டும்போது மஸ்கட்டிலிருந்து அண்ணன் போன். "அப்போ கைவிட்டுட்டாங்களா?" எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் அதே சீட்டில் முதுகுக்கு ஒரே ஒரு தடவை ரேடியேஷன் கொடுக்கவும் எழுதியிருந்தார்கள். நோய் குணமாக அல்ல, எலும்பு வலி குறைய மட்டும். கைவிட்டவர்கள் இதை எதற்கு எழுத வேண்டும்?

ஜூன் 6

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை தொடங்கியாயிற்று. "அது போதை மருந்துல்லா மக்ளே?" என்று சித்தி வாசலிலேயே நின்றுவிட்டார். பாலியேட்டிவ் நர்ஸ் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்: வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாகிவிட மாட்டார்கள், உயிரையும் அது எடுக்காது.

காலை 6, 10, மதியம் 2, மாலை 6, அப்புறம் இரவு 10 மணிக்கு இரட்டை அளவு. அந்த இரட்டை அளவு, நடுராத்திரியில் எழுப்பாமல் தூங்கவிடுவதற்கு. வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. மணி பார்த்துக் கொடுக்க வேண்டும்.

தீர்ந்தால் பக்கத்து மெடிக்கலில் போய் வாங்கிவிடவும் முடியாது. 1985 போதைப்பொருள் சட்டத்தால் இந்த மருந்து கிடைப்பதே பாடாக இருந்தது. 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். எத்தனை வீடுகளில் இந்த மாத்திரை வந்து சேராமலேயே மனுஷர்கள் துடித்துப் போயிருப்பார்கள்.

ஜூன் 9

மலச்சிக்கல் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மார்ஃபின் இருக்கும் வரை அதுவும் இருக்க வேண்டும். குமட்டல் குறைந்திருக்கிறது.

ஜூன் 14

மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸ் வந்தார். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இந்தப் பாலியேட்டிவ் பராமரிப்பும் உண்டு.

அப்பாவைப் பக்கவாட்டில் திருப்பி, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். சிவப்பு மறையாமல் நின்றால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அப்பாவுக்குக் கறுத்த தேகம், வருஷக்கணக்கில் ரப்பர் பால் வெட்டி வெயில் ஏறிய முதுகு, சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்க்கச் சொன்னார். அந்த இடம் மட்டும் கதகதப்பாகவோ தடித்தோ இருந்தால் அந்தப் பக்கம் படுக்கவிடக் கூடாது. குதிகாலையும் பார்க்க வேண்டும். நானும் அம்மாவும் மாறி மாறித் தொட்டுப் பழகினோம்.

ஜூன் 19

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகில் நின்றுகொண்டே இருக்கிறாள். மட்டிப்பழம்கூட ஒரு கடிக்கு மேல் இறங்கவில்லை. "பட்டினி போட்டுக் கொல்லுறோமோ?" என்று என்னிடம் அழுதாள். நோய் முற்றும்போது உடம்புக்கே சாப்பாடு வேண்டாமல் போகிறது, வற்புறுத்தினால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும் என்று நர்ஸ் அவளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். உதட்டை நனைக்கலாம், கேட்டால் இரண்டு வாய் கருப்பட்டிக் காப்பி கொடுக்கலாம். மூச்சு வாங்கும்போது மேஜை விசிறியை முகத்துக்கு நேராக வைக்கச் சொன்னார். அதில் மூச்சு வாங்குவது கொஞ்சம் அடங்குகிறது.

ஜூன் 23

வலி குறைந்தும் அப்பா தூங்கவில்லை. மருந்தைக் கூட்டச் சொல்வார்கள் என்று நினைத்தேன். நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வேற என்ன கவலை அப்பா?" என்று கேட்டார். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறதாம். எங்கள் யாருக்கும் தெரியாது.

லண்டனில் 1967-இல் நோய் முற்றியவர்களைப் பராமரிக்க செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் வற்புறுத்தினார்: உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்துதான் ஒருவரின் வலி. அடகுச் சீட்டையும் அந்த வலியில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 26

சங்கிலியை மீட்டுவிட்டேன், பணம் அண்ணன் அனுப்பினான். அப்பா அதை அம்மா கழுத்தில் போடச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவராகவே, "எனக்குக் குழாய் கிழாய் ஒண்ணும் வேண்டாம் மக்ளே. வீட்டுல போதும்" என்றார்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒப்புக்கொண்டது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கினார்கள், நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்று கொடுத்தால் போதும். அண்ணன் வெள்ளிக்கிழமை வருகிறான். இரண்டு சாட்சிகளை வைத்து எழுதிவிடுவோம். அவன் இன்னும் தயங்குகிறான், ஆனால் அப்பாவின் வாயிலிருந்தே கேட்கட்டும்.