வானொலிக்குள் ஒரு கிட்டார்

லண்டனில் எனக்கு அது முதல் டிசம்பர். நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வாடகை அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. அப்படி ஒரு மாலையில்தான் பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ பாட்டை ஹெட்போனில் கேட்டேன். முன்பும் பல தடவை கேட்டதுதான். ஆனால் அப்போதெல்லாம் வரிகள் மட்டுமே காதில் விழுந்திருந்தன.

முதலில் வானொலியில் நிலையம் மாற்றுகிற இரைச்சல். குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகருமான டேவிட் கில்மோரின் கார் வானொலியிலிருந்து பதிவு செய்தது. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியிலிருந்து ஒரு துணுக்கு வந்து போகிறது. அப்புறம் 12 தந்தி கிட்டார், அதே வானொலிக்குள்ளிருந்து வருவதுபோல. கனமான ஒலியையெல்லாம் வடித்துவிட்டதால் தகரம்போல மெலிந்து கேட்கிறது. கொஞ்ச நேரத்தில், காதுக்குப் பக்கத்திலேயே யாரோ இருமுகிறார். இன்னொரு கிட்டார் சேர்கிறது. இது நிறைவான ஒலி; தந்தியில் விரல் உரசுவதுகூடத் தெரிகிறது. அறையில் தனியாக இருக்கும் ஒருவர் வானொலியோடு சேர்ந்து வாசிக்கிறார். அவர் வாசிப்பது அந்தப் பக்கம் கேட்காது.

அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டேன்.

அன்று காலை அம்மாவுடன் பேசியிருந்தேன். பேசி முடித்தபின் அம்மா போனை அணைக்க மறந்துவிட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடுவது மெலிதாகக் கேட்டது. நானும் இங்கிருந்து மெல்லச் சேர்ந்து பாடினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை.

பாட்டில் குரல் வருவதற்கே ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகிறது. டிரம்ஸ் அதற்கும் பிறகுதான். இந்தப் பாட்டுக்காக ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் வாசித்திருக்கிறார். ஆனால் 1975இல் வெளிவந்த ஆல்பத்தில் அது கிட்டத்தட்ட காதில் விழுவதே இல்லை. வயலினோடு கூடிய வடிவம் 2011இல் வெளியானது. அழகான வாசிப்பு. ஆனாலும் குறைத்ததுதான் சரி என்று எனக்குப் படுகிறது. வயலின் வந்ததும் அந்தத் தனி மனிதருக்காக வேறு யாரோ அழுவதுபோல ஆகிவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு பதிவான ஏபி ரோடு ஸ்டுடியோ வரை போய்வந்தேன். வெளிச்சுவர் முழுக்க ரசிகர்களின் கிறுக்கல்கள். திரும்பும்போது பேருந்தில் மறுபடி கேட்டேன். பாட்டின் பின்பாதியில், காற்றின் ஓசை வந்து எல்லாவற்றையும் மூடுவதற்கு முன்னால், கில்மோர் சொற்களே இல்லாமல் கிட்டார் போகிற வழியிலேயே முணுமுணுத்துப் பாடுவார். இப்போதெல்லாம் அந்த இடத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.