ரூத்தின் புத்தகத்தோடு பெத்சாகூரில் ஒரு காலை

பெத்லகேமுக்குப் புனிதப் பயணம் போகிறவர்கள் முதலில் இயேசு பிறந்த குகைமேல் கட்டப்பட்ட பிறப்பின் ஆலயத்துக்குத்தான் ஓடுவார்கள். குகை வரிசையிலேயே பாதி நாள் கரைந்துவிடும். பிறகு பக்கத்து ஊரான பெத்சாகூரின் வயல்வெளிக்கு, ரூத்தின் கதை நடந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு, நேரம் இருக்காது. காலையில் பெத்சாகூர், அதன்பின் ஆலயம் என்று வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. எருசலேமிலிருந்து வருபவர்கள் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். திரும்பும்போது சோதனைச் சாவடியில் கேட்பார்கள். சாவடி திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

பெத்லகேம் மலைமுகட்டில், ஏறக்குறைய 775 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே சுமார் 2 கி.மீ. இறங்கினால் பெத்சாகூர். டாக்சிக்காரரிடம் வெறுமனே 'மேய்ப்பர் வயல்' என்று சொன்னால் போதாது. கத்தோலிக்கருக்கு ஒன்று, கிரேக்க ஆர்த்தடாக்சுக்கு ஒன்று, ஒய்.எம்.சி.ஏ. வளாகத்தில் இன்னொன்று என மூன்று இடங்கள் உண்டு. ரூத் கதிர் பொறுக்கின, பின்பு அவளை மணந்த போவாஸின் வயல் என்று மரபாகச் சொல்லப்படுவதும் இந்தச் சுற்றுவட்டாரம்தான். எந்த வரப்புக்குள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதைத் தேடி அலைய வேண்டாம். வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே, சவக்கடலுக்கு அப்பால், மோவாபின் மலைகள் தெரியும். பெத்லகேம்காரியான நகோமியும், விதவையான அவள் மோவாபிய மருமகள் ரூத்தும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

ரூத்தின் புத்தகம் நான்கே அதிகாரம், 85 வசனம். சத்தமாக வாசித்தால் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இதில் தரிசனம் இல்லை, தூதன் இல்லை, கர்த்தர் யாரோடும் பேசவும் இல்லை. அவர் செய்ததாகக் கதை சொல்வது இரண்டே காரியம்: ஜனத்துக்கு ஆகாரம் தந்தார் (1:6), ரூத் கர்ப்பந்தரிக்க அருளினார் (4:13). அந்தப் பிள்ளைதான் தாவீது ராஜாவின் பாட்டன். ராஜாக்கள் உன்னிலிருந்து பிறப்பார்கள் என்று ஆபிரகாமுக்குத் தந்த வாக்கு (ஆதியாகமம் 17:6) இந்த இரண்டுக்கும் நடுவே, அறுப்புக்காரர்கள் கையில்தான் நகர்கிறது.

எப்படியென்றால், வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19:9-10 கட்டளையிடுகிறது. எவ்வளவு விட வேண்டும் என்ற அளவு அங்கே இல்லை. பிற்கால யூத சட்டத் தொகுப்பான மிஷ்னாதான் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்றது. அளவு சொல்லாத சட்டத்தில் கைக்கஞ்சன் தப்பித்துக்கொள்வான். போவாஸோ அதற்கும் மேலே போய், அரிக்கட்டிலிருந்தே சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடச் சொல்கிறார் (2:16). சாயங்காலம் ரூத் தட்டி எடுத்தது ஏறக்குறைய ஒரு எப்பா, அதாவது சுமார் 22 லிட்டர் வாற்கோதுமை. எடை 13 கிலோவுக்குக் குறையாது. பொறுக்கினவள் ஒருத்திக்கு ஒரே நாளில் இது மிக அதிகம். இதைச் சுமந்துகொண்டுதான் அவள் ஊருக்குள் போனாள். வயலிலிருந்து ஊர்வரை ஏற்றம். ஒருமுறை நடந்து ஏறினால் அந்த எடை புரியும். மூட்டுவலி உள்ளவர்கள் வண்டியிலேயே வரலாம்.

வாற்கோதுமை அறுப்பு பஸ்கா காலத்தை ஒட்டி வரும். கதையின் பருவத்திலேயே நிலத்தைப் பார்க்க ஏப்ரல் ஏற்றது. ஆனால் பரிசுத்த வாரக் கூட்டமும் அப்போதே சேரும்.

போவாஸ் ரூத்தை மணக்கும் வழக்கைப் பேசி முடித்த பட்டணவாசல் எங்கே இருந்தது என்று காட்ட இப்போது ஏதுமில்லை. நான்காம் அதிகாரத்தை வழியில் எங்காவது நின்று வாசித்துக்கொள்ளலாம். பத்து மூப்பர், உரிமையைக் கைமாற்றக் கழற்றிக்கொடுக்கும் ஒரு பாதரட்சை, சாட்சிகள் என்று எல்லாம் முறைப்படி நடக்கிறது. நகோமி குடும்பத்தின் நிலத்தை மீட்க முதல் உரிமையுள்ள உறவினர், அதாவது சுதந்தரவாளி, நிலத்துக்குச் சம்மதித்து, ரூத்தும் சேர்ந்து வருகிறாள் என்றதும் பின்வாங்குகிறார். அவர் பெயரைப் புத்தகம் சொல்லவே இல்லை.

பிறப்பின் ஆலய வாசல் சுமார் 1.2 மீட்டர் உயரம்தான். முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக் குனியுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். குகை வரிசையில் நிற்கும்போது இயேசுவின் வம்ச வரிசையில் வரும் மத்தேயு 1:5-ஐ எடுத்துப் பாருங்கள். போவாஸின் தாயாக அங்கே குறிக்கப்படுவது எரிகோவின் ராகாப், அவளும் அந்நியப் பெண். மோவாபியப் பெண்ணிடம் போவாஸ் அப்படி நடந்துகொண்டதற்கு அந்த வீட்டு வளர்ப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வேதம் அதைச் சொல்லவில்லை.