குளச்சல் போரைத் தேடி: கடற்கரை, கோட்டை, கணவாய்

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக் கம்பெனியின் படையை வென்ற குளச்சல் போரை ஒரே இடத்தில் பார்த்துவிட முடியாது. வெற்றித் தூண் கடற்கரையில் நிற்கிறது. தோற்ற டச்சுத் தளபதி டி லனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள். ஜெயித்த அரசரின் அரண்மனை பத்மநாபபுரத்தில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருக்கிறது. உதயகிரிக் கோட்டையை வனத்துறை பல்லுயிர்ப் பூங்காவாக வைத்திருக்கிறது. அதற்குள்ளே இருக்கும் கல்லறை தொல்லியல் துறையிடம். அதனால் நேரம், விடுமுறை, டிக்கெட் எல்லாம் இடத்துக்கு இடம் வேறு. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, மதியம் இடைவேளையும் உண்டு. பயணத்தின் நாளை முடிவு செய்வது அதுதான்.

திருவனந்தபுரத்திலிருந்து நானும், நாகர்கோவிலிலிருந்து சித்தப்பாவும் வந்து சேர்ந்துகொண்டோம். சித்தப்பா ராணுவத்தில் இருந்தவர். அவருடைய மதராஸ் ரெஜிமெண்ட் 9-வது பட்டாலியன் பழைய திருவிதாங்கூர் படையின் வழிவந்தது. "அரண்மனையில தொடங்காத. சண்டை எங்க தொடங்குச்சோ அங்க போ" என்றார். அது நல்ல யோசனை. போகிற எல்லோருக்கும் நானும் அதையே சொல்வேன்.

ஆடி மாதம். குளச்சலில் அலை கரையை அறைந்துகொண்டிருந்தது. 1741-இல் போர் நடந்ததும் இதே பருவத்தில்தான். வெற்றி நாளாகச் சொல்லப்படுவது ஆகஸ்ட் 10. மிளகு வியாபாரம் கைவிட்டுப் போகிறதே என்று டச்சுக் கம்பெனி இலங்கையிலிருந்து படையை அனுப்பி இங்கே இறக்கியது. இங்கிருந்து அன்றைய தலைநகரான கல்குளம் (இன்றைய பத்மநாபபுரம்) பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். சித்தப்பா கடலுக்கு முதுகைக் காட்டி நின்று நிலத்தைப் பார்த்தார். "முன்னாடி மன்னரோட படை, பின்னாடி ஆடிக் கடல். உதவி எப்படிடா வரும்?" என்றார். படித்தபோது பிடிபடாத விஷயம் அந்தக் காற்றில் நின்றபோது எனக்குப் புரிந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டாவிடம் பேசினோம். கடலோர மக்கள் துடுப்பைத் தோளில் வைத்து வரிசையாக நின்றதாகவும், தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்கள் அதைத் துப்பாக்கி ஏந்திய படை என்று நினைத்ததாகவும் சொன்னார். வாய்வழிக் கதைதான். ஆனால் தம் தாத்தாவே அங்கே நின்றதுபோல அவர் சொன்னார். இந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் மார்த்தாண்ட வர்மாவோடும் டி லனாயோடும் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கரை மக்களுக்கு இன்னும் நிறைய இடம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தக்கலை போய், அங்கிருந்து உதயகிரிக் கோட்டை. நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையை ஒட்டியே இருப்பதால் தேட வேண்டியதில்லை. சுமார் 90 ஏக்கர், நடுவில் குன்று, சுற்றிலும் கனமான கல் மதில். போரில் பிடிபட்ட யூஸ்டாசியஸ் டி லனாய்தான் பிறகு திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி கொடுத்து, இந்தக் கோட்டையையும் பலப்படுத்தினார். 'வலிய கப்பித்தான்' என்று மக்கள் அழைத்தார்கள். கூரையில்லாத சிறு தேவாலயத்தில் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு. ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாக உழைத்து 1777 ஜூன் 1-ஆம் தேதி இறந்ததாக லத்தீன் வரிகள் சொல்கின்றன. சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். எதிரியாக வந்தவருக்கு ஒரு சிப்பாய் கொடுத்த மரியாதை அது. எனக்குத் தொண்டை அடைத்தது.

பத்மநாபபுரம் பக்கத்தில்தான். அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். ஆயுதங்கள் இருக்கும் அறையில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

ஆரல்வாய்மொழிக்கும் வட்டக்கோட்டைக்கும் தனியாக ஒரு நாள் வேண்டும். மலைக் கணவாயிலிருந்து கடல் வரை கிழக்கு எல்லையைக் காக்க டி லனாய் காலத்தில் எழுப்பிய அரண் வரிசையின் இரண்டு முனைகள் இவை. 1809 பிப்ரவரியில் திருவிதாங்கூரின் தலைமை அமைச்சர் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியை அடக்க வந்த ஆங்கிலேயர் உடைத்தது ஆரல்வாய்மொழி அரணைத்தான். வேலுத்தம்பி பிறந்த தலக்குளமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆரல்வாய்மொழியிலேயே காற்றாடிமலையும் உண்டு. டி லனாயின் வழியாகக் கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளை 1752 ஜனவரி 14-இல் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது.

கணவாயில் காற்று பலமாக இருக்கும், பெரியவர்களைக் கூட்டிப் போனால் காலையிலேயே மலையை முடித்துவிடுங்கள். வட்டக்கோட்டை மதில் மேல் நடக்கச் சாயங்காலம் நல்லது, அங்கே கடைகள் குறைவு, தண்ணீர் கையில் இருக்கட்டும்.