கெட்டுப்போனது இரத்தமா, குழாயின் சுவரா?

முழங்கையிலும் முழங்காலிலும் தோல் சிவந்து செதில் செதிலாக உதிர்ந்தால், 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்று சொல்லி முடித்துவிடுவது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை என்றும் தோல் மருத்துவர் சொரியாசிஸ் என்றும் குறிப்பிடும் இந்நோய்க்காகப் பாளையங்கோட்டையில் வெட்பாலைத் தைலம் வாங்க வருபவர்களிடமும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். உடல் முழுவதும் சுற்றுவது ஒரே இரத்தம் என்றால், முழங்கையில் வந்த படை அதற்கு நான்கு விரற்கடை தள்ளியிருக்கும் தோலை விட்டுவைப்பது ஏன்?

விடையின் பெரும்பகுதி, அந்த இடத்துத் தோலில் உள்ள நுண்சிரைகளின் உட்சுவரில் இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் இச்சுவரில் ஒட்டி வெளியேறுவதை ஜெர்மானியரான யூலியஸ் கோன்ஹைம் 1867-லேயே தவளையின் குடல்தாங்கிச் சவ்வில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்து எழுதிவிட்டார். எப்படி ஒட்டுகின்றன என்பது தெளிவாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அழற்சி இல்லாத தோலில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் நில்லாமல் கடந்துபோகின்றன. தோல் செல்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் சேதிப் புரதங்களைச் சுரந்ததும் சுவரின் செல்கள் மாறிவிடுகின்றன. செலக்டின்கள் என்பவை வெள்ளணுவைப் பற்றும் புரதங்கள். ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் பி-செலக்டினை, அழற்சியில் சுரக்கும் ஹிஸ்டமின் பட்ட சில நிமிடங்களிலும், புதிதாக உருவாக்க வேண்டிய இ-செலக்டினைச் சில மணி நேரத்திலும் அவை மேற்பரப்பில் நிறுத்துகின்றன. இந்த இ-செலக்டினைப் பற்றிக்கொள்ளும் சர்க்கரைத் தொடர்கள், தோலுக்கென்றே பழகிய, இரத்தத்தில் வரும் வெள்ளணு வகையான டி செல்களின் மேல் மிகுதியாக உள்ளன. ஆகவே இரத்தத்துக்கும் இதில் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை.

ஐப்பசி வெள்ளத்தில் தாமிரபரணியின் குறுக்குத்துறைப் பக்கம் அடித்துச் செல்லப்படுபவர் கரையோர நாணலை ஒன்று விட்டு ஒன்றாகப் பற்றி வேகம் குறைவதைப் போல, செலக்டின்களைப் பற்றியும் விட்டும் வெள்ளணு சுவரின் மேல் உருள்கிறது. ஓட்டத்தின் இழுப்பு ஓரளவு கூடும்போது இந்தப் பிடி தளராமல் இறுகுகிறது என்பதுதான் எனக்கு இதில் பெரிய வியப்பு.

உருளும் செல்லுக்குச் சுவரிலுள்ள கீமோகைன்கள் என்னும் ஈர்ப்புப் புரதங்கள் குறிப்புக் கொடுத்ததும், அதன் மேலுள்ள இன்டெக்ரின்கள் என்னும் பிடிப்புப் புரதங்கள் நிமிர்ந்து, சுவரின் ஐசிஏஎம்-1 மூலக்கூற்றை உறுதியாகப் பிடிக்கின்றன. செல் நின்று, தட்டையாகி, பெரும்பாலும் இரு சுவர்ச் செல்களின் இடுக்கு வழியே தோலுக்குள் நுழைகிறது. பீட்டா-2 இன்டெக்ரின் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி விழத் தாமதமாகும், தொற்று வந்தாலும் சீழ் கட்டாது. இந்தப் பிடியின் தேவை அதிலிருந்தே விளங்கும்.

பிடியை அறுத்தால் படை ஆறிவிடாதா என்று ஆய்வாளர்களும் கேட்டார்கள். இ-செலக்டினை மட்டும் தடுத்த மருந்து சொரியாசிஸில் பலன் தரவில்லை. இன்டெக்ரினைத் தடுத்த எஃபாலிசுமாப் 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுப் பலருக்கு உதவியது. ஆனால் அது முழங்கையோடு நிற்காமல் உடல் முழுதும் காவலைத் தளர்த்தியதால், சிலருக்கு மூளையில் கொடிய வைரஸ் நோய் வந்து, 2009-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இன்று தோல் மருத்துவர்கள் தரும் ஊசிகள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-17, இன்டர்லூக்கின்-23 ஆகியவற்றையே அடக்குகின்றன. சுவரைத் தூண்டும் சைட்டோகைன்கள் அடங்கினால், அது செலக்டின்களை மேற்பரப்பில் கொண்டுவந்து வைப்பதும் குறைகிறது.