ஏழு புளியங்கொட்டை

ஜூன் மாதம் யுகேஜி-யில் சேர்க்க வந்த ஓர் அம்மா, மகனை என் மேஜை முன்னால் நிறுத்தி, "மிஸ்ஸுக்குச் சொல்லிக் காட்டு" என்றார். பையன் கையைக் கட்டிக்கொண்டு ஒன் முதல் ஹண்ட்ரட் வரை ஒரே மூச்சில் ஒப்பித்தான். செவன்ட்டி நைனில் மட்டும் ஒருதரம் எச்சில் விழுங்கினான். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

டப்பாவிலிருந்து ஏழு புளியங்கொட்டையை எடுத்து வைத்தேன். "எத்தனை இருக்கு தங்கம்?"

ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். ஒன், டூ, த்ரீ... செவன். ஒன்றையும் விடவில்லை, எதையும் இரண்டு தடவை தொடவில்லை.

"சரி, மொத்தம் எத்தனை?"

மறுபடி ஒன், டூ, த்ரீ.

"எண்ணிட்டியே, அப்ப எத்தனை இருக்கு?"

மூன்றாம் முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தான். "மிஸ்ஸுக்கு அஞ்சு மட்டும் குடு" என்று கை நீட்டினேன். கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தான்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "வீட்ல நல்லாச் சொல்வான் மிஸ்." இங்கேயும் நல்லாத்தான் சொன்னான். அவனைப் பொறுத்தவரை 'செவன்' என்பது கடைசிக் கொட்டையின் பெயர். வகுப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெயர் இருக்கிறதே, அந்த மாதிரி. கடைசியில் சொன்ன பெயர் அந்தக் கூட்டம் முழுவதுக்கும் சேர்த்துத்தான் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. நமக்கு அது எப்போது பிடிபட்டது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனாலேயே அது ஒரு பாடம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

எனக்கும் தோன்றியதில்லை. கோவில்பட்டியில் இந்த வேலைக்கு வந்து முதல் நாலு வருஷம் கட்டம் போட்ட நோட்டில் 1 முதல் 100 வரை எழுத வைத்தே பொழுதை ஓட்டினேன். பிறகு தபால் வழியில் மாண்டிசோரி டிப்ளமோ படிக்கும்போதுதான், கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-லேயே இதைப் பிரித்துப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. எண்களை வரிசை மாறாமல் சொல்வது ஒன்று. பொருளுக்கு ஒரு எண் என்று தொட்டு எண்ணுவது இன்னொன்று. கடைசி எண்தான் மொத்தம் என்று புரிவது வேறொன்று. ஒரு பிள்ளைக்கு முதல் இரண்டும் வந்து மூன்றாவது வராமல் இருக்கலாம். என் மேஜை முன்னால் நின்றவன் அந்த ரகம்.

அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் என் அண்ணி சிரிப்பார். அங்கே 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரித்து, ஆட்டமும் பாட்டுமாக நடத்துகிறார்கள். "நாங்க தரையில உக்காந்து கொட்டை எண்ணுதோம். நீங்க ஃபீஸ் வாங்கிட்டு நோட்டு ரொப்புதீங்க" என்பார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது.

எங்கள் பள்ளி இங்கிலீஷ் மீடியம். அதில் ஒரு தனித் தொல்லை உண்டு. 'ஃபோர்ட்டீன்' என்று சொன்னால் பாதிப் பிள்ளைகள் 41 என்று எழுதும். காதில் ஃபோர் முதலில் விழுகிறது, கை 4-ஐ முதலில் போடுகிறது. அதில் பிள்ளையின் தப்பு என்ன? பதினாலு என்று சொல்லிப் பாருங்கள்: பத்து முன்னால், நாலு பின்னால். எழுதுவதும் அதே வரிசை. அதனால் நான் "ஃபோர்ட்டீன், பத்தும் நாலும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்வேன். தமிழிலும் வம்பு இல்லாமல் இல்லை. எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று தொண்ணூறு! போன வருஷம் ஒரு பெண்குட்டி எண்பத்தி ஒம்போதுக்கு அப்புறம் "ஒம்போது பத்து" என்றாள். அவளுக்கு அன்றைக்கு ஸ்டார் போட்டேன். தமிழ் தப்பு, கணக்கு சரி.

புளியங்கொட்டைக்கு வருகிறேன். சொரசொரப்பான தரையில் ஒரு பக்கத்தைத் தேய்த்தால் தோல் போய் வெள்ளையாகிவிடும். (தேய்த்த சூட்டோடு பக்கத்துப் பிள்ளை கையில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் வைக்காததா!) அப்படித் தேய்த்த ஐந்து கொட்டையைக் குலுக்கிப் போடச் சொல்வேன். மூணு வெள்ளை, ரெண்டு கறுப்பு. அடுத்து நாலு வெள்ளை, ஒரு கறுப்பு. சிலேட்டில் கோடு போட்டுக் குறிப்பார்கள். பத்துப் பதினைந்து நாள் இதே ஆட்டம்தான். ஒருநாள் யாராவது ஒரு வாண்டு வெள்ளையை மட்டும் எண்ணிவிட்டு, கறுப்பைப் பார்க்காமலே "ரெண்டு" என்று சொல்லும். அதற்கப்புறம் சிரட்டை. சில கொட்டைகளைச் சிரட்டைக்கு அடியில் மறைத்து, "வெளியில மூணு இருக்கு, உள்ள எத்தனை?" என்று கேட்பேன். கூட்டல் குறி, கழித்தல் குறி எல்லாம் டிசம்பருக்கு முன்னால் என் வகுப்புக்குள் வராது.

பல்லாங்குழியை வகுப்புக்குக் கொண்டுவந்தது நானில்லை. பேத்தியைக் கூப்பிட வந்த ஓர் ஆச்சி. பிள்ளைகள் கொட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் பதினாலு குழிப் பலகையைத் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். "டீச்சரம்மா, ஒரு குழியில நாலு சேந்தா பசு. பசுவ எடுத்துக்கிடணும். இதுக்கு என்ன படிப்பு வேண்டிக் கெடக்கு?" மூணு நாலு பொருள் வரைக்கும் விரல் வைத்து எண்ணாமல் ஒரே பார்வையில் சொல்லிவிட முடியும், அதற்கு மேல் போனால் பெரியவர்களே தடுமாறுவோம். பசுவுக்கு நாலு என்று வைத்தவர்கள் இதை நினைத்து வைத்தார்களோ என்னவோ, பிள்ளைகள் குழியை ஒரு பார்வை பார்த்துவிட்டு "பசு!" என்று பாய்வதைப் பார்க்க வேண்டும். யாரும் ஒன், டூ சொல்வதில்லை.

அந்தத் தெம்பில் தாயக்கட்டையையும் கொண்டுபோனேன். வெறும் பக்கத்தைக் காட்டி, ஒரு புள்ளியும் இல்லை, பூஜ்யம் என்று அழகாகச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தபோது, பழக்கத்தில் "பன்னெண்டு!" என்று நானே கத்திவிட்டேன். "பூஜ்யமும் பூஜ்யமும் எப்படி மிஸ் பன்னெண்டாகும்?" கட்டையைப் பைக்குள் வைத்தவள்தான், அப்புறம் எடுக்கவே இல்லை.

கொட்டையில் ஆபத்தும் உண்டு. இரண்டு வருஷம் முன்னால் ஒரு பிள்ளை மூக்குக்குள் ஒன்றைத் திணித்துக்கொண்டது. டாக்டர் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார். எனக்குத்தான் அன்று இரவு வரை கை நடுக்கம் நிற்கவில்லை. ஒரு மாதம் கொட்டைக்குத் தடை. கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். கொடுக்கும்போது எண்ணிக் கொடுக்க வேண்டும், திரும்பும்போது எண்ணி வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. டப்பாவில் முப்பது. முதலில் நானும் ஆயாம்மாவும் எண்ணினோம். பிறகு பிள்ளைகளையே எண்ணவிட்டேன். ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்பதால், நோட்டில் வராத கவனம் இதில் வந்தது.

அக்டோபரில் ஒருநாள் அந்த ஜூன் மாதத்துப் பையனின் முறை. டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டான். முடித்ததும், நான் கேட்காமலே நிமிர்ந்து, "இருபத்தி ஒம்போது மிஸ். ஒண்ணு கம்மி" என்றான். எல்லார் மூக்கையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். பாயை உதறினோம். ஆயாம்மாதான் கதவிடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். அவன் அதை வாங்கி டப்பாவில் போட்டான்.

"இப்ப எத்தனை?"

"முப்பது" என்றான். அதில் என்ன கேள்வி என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

நவம்பர் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அவன் அம்மா வந்திருந்தார். நோட்டைப் புரட்டினார், முன்னும் பின்னும் பார்த்தார். "என்ன மிஸ், இன்னும் சிக்ஸ்ட்டி வரைக்கும்தான் எழுதியிருக்கான்?"

நோட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்தேன்.